டெப்போ ஊசித் தேதி தவறுபவர்களை எப்படித் தொடர்வது?

சமூகப் பணியாளர், நாங்குநேரி வட்டாரம்:
மாவட்ட மனநலத் திட்டத்தில் எங்க பக்கம் மாசம் ஒரு நாள்தான் முகாம். ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் 25 மி.கி. (தீவிர மனநோய்க்கு, வாரக்கணக்கில் மெதுவா வேலை செய்யும் டெப்போ ஊசி) போடுறவங்க இரண்டாம் மாசமே நின்னுடுறாங்க. சிலர் ஊசி போட்ட இடத்தில் கட்டின்னு சொல்றாங்க. என்ன செய்யலாம் அண்ணாச்சி?

மனநலச் செவிலியர், பாளையங்கோட்டை:
தம்பி, அது நல்லெண்ணெயில் கரைச்ச மருந்து. சிரிஞ்சும் ஊசியும் துளி ஈரமில்லாம இருக்கணும், இல்லன்னா கலங்கிடும். 21 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசி, புட்டத்தின் மேல் வெளிப்பகுதியில் தசைக்குள் ஆழமா, மெதுவா. தோலை ஒருபக்கம் இழுத்துப் பிடிச்சுப் போட்டா கசியாது. அப்புறம் தேய்க்காதீங்க. இடது, வலதுன்னு பக்கம் மாத்திப் போட்டு அட்டையில் குறிங்க.

ஆனா கட்டியை விட, இந்த மருந்தால் வர்ற, உட்கார முடியாத தவிப்புக்குப் பயந்துதான் பெரும்பாலும் நிறுத்துவாங்க. வீட்டில் அதை நோய் முத்திடுச்சுன்னு நினைப்பாங்க. ஒவ்வொரு முறையும் கேளுங்க. பக்கவிளைவுக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்ஸிபெனிடில் உடல் இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் கேட்கும், இந்தத் தவிப்புக்கு அவ்வளவா கேட்காது. டாக்டர் டோஸைக் குறைக்கலாம், ப்ரொப்ரானோலால் சேர்க்கலாம்.

திட்ட ஊழியர், அம்பாசமுத்திரம்:
பதிவேட்டைப் பெயர் வரிசையில் வைக்காதீங்க, அடுத்த ஊசித் தேதி வரிசையில் வைங்க. முகாம் முடிஞ்ச அன்னைக்கே வராதவங்க பட்டியல் கிராம செவிலியர் கைக்குப் போகணும். பீடி சுத்துறவங்க கணக்கு முடிக்கிற நாளில் முகாம் வேண்டாம், பெண்கள் வர மாட்டாங்க. வாசலில் நின்னு நோயின் பெயரைச் சொல்லவே கூடாது. தேதி தவறினவங்களுக்கு ரெட்டை டோஸ் கிடையாது. இடையில் தூக்கம் கெட்டா அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடச் சொல்லுங்க.