'ஜகதீச குருகுஹ' மெட்டு ஸ்காட்லாந்து ரீலா?

காரைக்குடி ஆச்சி:
என் பேத்தி வயலினில் முத்துசுவாமி தீட்சிதரின் 'ஜகதீச குருகுஹ' நோட்டுஸ்வரம் (மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாட்டு) வாசிப்பாள். கானாடுகாத்தானில் சொந்தக்காரர் வீட்டுக் கொலுவில் அவள் வாசித்தபோது, விருந்தாளியாக வந்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் "இது எங்கள் ஊர் ரீல்" என்று காலால் தாளம் போட்டார். நிஜமா? இங்கே எப்படி வந்தது?

தேவகோட்டை வயலின்:
நிஜம்தான் ஆச்சி. 'லார்ட் மெக்டொனால்டு ரீல்' என்பார்கள். ரீல் என்றால் ஸ்காட்லாந்தின் துள்ளல் ஆட்டம், அதற்கான மெட்டுக்கும் அதே பெயர். ஸ்கை தீவின் சர் அலெக்சாண்டர் மெக்டொனால்டு 1776-ல் பிரபுப் பட்டம் பெற்றவர், பிடிலும் வாசிப்பார். மெட்டு அவரே போட்டது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தங்களை ஆதரித்த பிரபுக்கள், சீமாட்டிகள் பெயரை மெட்டுக்குச் சூட்டுவது அந்த ஊர் பிடில்காரர்களின் வழக்கம். ஸ்காட்லாந்து பிடில்காரர் நீல் கௌ (1727–1807) குடும்பம் அச்சிட்ட தொகுதிகளைப் புரட்டுங்கள், எங்கும் அந்த மாதிரிப் பெயர்கள்தான். பெயர் பிரபுவுடையது என்பதால் மெட்டும் அவருடையது ஆகிவிடாது.

ரீல் ஆட்டம் அதற்கும் முந்தியது. 1591-ல் அச்சான ஒரு சிறு நூலிலேயே வருகிறது. மெட்டுகள் காதால் கேட்டே கைமாறின. ராபர்ட் பிரெம்னர் எடின்பரோவில் ரீல்களை அச்சேற்றத் தொடங்கியதே 1757 வாக்கில்தான்.

இங்கே வந்தது பட்டாளத்தோடு. 1780-ல் ஸ்காட்லாந்தின் ஹைலேண்டு படை ஒன்று மெட்ராஸில் இறங்கியது. கோட்டையில் பேண்டு வாசித்தார்கள். மணலி முதலியார் ஆதரவில் அங்கே இருந்த தீட்சிதர் குடும்பம் அதைக் கேட்டது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். அண்ணன் முத்துசுவாமி கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் (பாட்டு வரிகள்) எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு.

பள்ளத்தூர் தம்பி:
அண்ணே, சங்கராபரண ராகம்தானே, கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) சேர்க்கலாமா?

தேவகோட்டை வயலின்:
வேண்டாம் தம்பி, அசைத்தால் ரீல் செத்துவிடும். சுரம் நேராக நிற்கட்டும். விசை வில்லில் இருக்கிறது. நீல் கௌ மேல்நோக்கி வில் தள்ளும்போது கொடுத்த அழுத்தம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. நாம் கீழ்வில்லில்தான் பலம் வைத்துப் பழகியவர்கள். பாப்பாவை சாகித்தியத்தை விட்டுவிட்டு, மேல்வில்லையும் அதே பலத்தில் இழுத்து, மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள் ஆச்சி. வேகம் அப்புறம் கூட்டலாம்.