பங்குனி வெயில்: உங்கள் ஊரில் என்ன கண்டீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து:

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஆளாளுக்கு வானிலை அதிகாரிதான். “இந்த மாதிரி வெயிலை என் ஆயுசில் பார்த்ததில்லை” என்று போன வருசம் சொன்ன அதே அண்ணாச்சி இந்த வருசமும் அதையே சொல்கிறார். பேப்பரில் ‘பாளையில் வெயில் சதம்’ என்று வந்துவிட்டால் டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. சதம் என்றால் 100 டிகிரி பாரன்ஹீட், செல்சியஸில் 37.8. பாளைக்கு மார்ச் மாத உச்ச வெப்பத்தின் இயல்பே 35-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆக, சதமடித்த நாள் என்பது இயல்பைவிட இரண்டரை, மூன்று டிகிரி கூடிய நாள். கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயுசில் காணாத வெயிலா என்றால், இல்லை.

வானிலைத் துறை இப்போது இயல்பு என்று எடுத்துக்கொள்வது 1991 முதல் 2020 வரையிலான 30 வருசச் சராசரியை. பத்து வருசத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கு முன்னே நகரும். அதனால் எங்கள் ஆச்சி “நாங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது இப்படிக் காயலை” என்பதற்கும், துறை “இயல்பை ஒட்டியே இருக்கும்” என்பதற்கும் சண்டை கிடையாது. ஆச்சி ஒப்பிடுவது ஐம்பது, அறுபது வருசத்துக்கு முந்தைய பங்குனியோடு. துறை ஒப்பிடுவது ஏற்கெனவே சூடேறிவிட்ட வருசங்களோடு.

அளவெடுக்கிற இடம்தான் அடுத்த வம்பு. துறையின் வெப்பமானி வெள்ளை பூசிய மரப்பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடித்து, காற்று நுழையும், வெயில் நுழையாது. தரையிலிருந்து நாலடி உயரம். நம்மவர்கள் அப்படியா அளக்கிறார்கள்? மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு “43 காட்டுது வே” என்று படம் அனுப்புகிறார்கள். அது காங்கிரீட்டின் காய்ச்சல், காற்றின் சூடு அல்ல. எங்கள் வீட்டில் ஒரே கருவியை ஒரே நாள் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். வீட்டு முன்கட்டில், அதாவது தார்சாவில் 34. வளவில் வேப்பமரத்தடியில், வடக்குப் பார்த்துக் கயிற்றில் தொங்கவிட்டால் 36. மாடியில் 42. மூன்றில் துறை சொன்னதோடு ஒத்துப்போனது வேப்பமரம்தான். போனில் வருகிற எண்ணையும் ரொம்ப நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது கணினி போட்ட கணக்கு. உங்கள் தெருவில் யாரும் வெப்பமானியோடு நிற்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: பகல் உச்சத்தைப் பற்றி நாம் அளவுக்கு மீறிப் பேசுகிறோம். வருசம் மாறியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு விசயம் போதும். விடியற்காலையில் எவ்வளவு இறங்குகிறது? கடல்காற்று எத்தனை மணிக்கு வருகிறது? மாசிக் கடைசி வரை போர்வை தேடுகிற ஊர் இது. அந்தக் குளிர்ச்சி போனதும் அதிகாலை அளவு 24-லிருந்து 27-க்கு ஏறிவிட்டால், பகலில் வெறும் 36 அடித்தாலும் உடம்பு தாங்காது. ராத்திரி பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சுவர் இன்னும் சுட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

ஆகவே எழுதுகிறவர்கள் ஊர், நேரம், அளந்த இடம் மூன்றையும் போடுங்கள். கருவி இல்லாதவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும். பல நேரம் அதுதான் உருப்படியான தகவல்.

உடன்குடியிலிருந்து:

எங்களிடம் வெப்பமானி கிடையாது அண்ணாச்சி. கலயம்தான் எங்களுக்கு வெப்பமானி.

பதநீருக்குக் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுவோம். சாதாரணப் பங்குனியில் தடவுகிற அளவு ஒன்று உண்டு. காலையில் இறக்கும்போது நுரை தள்ளி, புளிப்பு வாடை லேசாக வந்தால், ராத்திரி இறங்க வேண்டிய சூடு இறங்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்கிற 27 அன்றைக்கு அடித்திருக்கும். இந்தப் பங்குனியில் சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே வருகிறோம். கூடிப்போனால் கருப்பட்டியில் சுவை மாறும், குறைந்தால் கள்ளாகிவிடும். வீட்டில் அடுப்பு மூட்டித் தாச்சியை ஏற்றுகிற நேரமும் முன்னே வந்துவிட்டது. முன்பெல்லாம் பதநீரை இறக்கி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது அந்த டீ கிடையாது.

கடல்காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்களுக்குப் பதினொரு மணி வாக்கில் கிழக்கே இருந்து வரும். பனை ஓலை சலசலப்பே மாறிவிடும், மரத்தில் இருக்கிறவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். மேற்கே இருந்து மேல்காற்று விடாமல் அடிக்கிற நாளில் கடல்காற்று கரையிலேயே நின்றுவிடும், இரண்டு மணிக்குத்தான் உள்ளே வரும். அந்த மூன்று மணி நேரம்தான் வெயிலே.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனபோதும் அப்படி ஒரு நாள். எங்கள் சாஸ்தா இருப்பது தேரி என்கிற செம்மணல் காட்டுக்குள். செம்மணலில் செருப்பில்லாமல் போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன்கள் பத்தடி நடந்ததும் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பச்சை ஓலை வெட்டிப் போட்டு அதன் மேல் மிதித்துத்தான் கூட்டிப்போனோம். சென்னையிலிருந்து வந்த சித்தப்பா போனைப் பார்த்து “34 தான் போட்டிருக்கு” என்றார். மணலுக்குப் போன் கிடையாதே.

வள்ளியூரிலிருந்து:

ஒரு சந்தேகம். போன வருசம் எங்கள் பக்கம் 39 வரை போனது. ஆனால் வெப்ப அலை என்று யாரும் அறிவிக்கவில்லை. ஏன்?

இன்னொன்று. ஆரல்வாய்மொழி கணவாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது வைகாசிக்கு மேல். பங்குனியில் முப்பந்தல் காற்றாலைகளில் பாதி சும்மாதான் நிற்கும். றெக்கை சுற்றாத நாளில் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள், தெரியும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

வெப்ப அலைக்கு விதி இருக்கிறது. சமவெளி ஊரில் முதலில் 40-ஐத் தொட வேண்டும். தொட்டால் மட்டும் போதாது, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். 6.5 கூடினால் கடும் வெப்ப அலை. (45-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கழித்தல் கணக்கே வேண்டாம், நம் பக்கம் அந்தப் பேச்சு இல்லை.) கடற்கரை ஊருக்கு 37 போதும், ஆனால் அங்கேயும் அந்த 4.5 வித்தியாசம் வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் ஒரு நாள் அடித்தால் ஆகாது. வானிலை மண்டலத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து. நம் ஊரில் ஏப்ரல் இயல்பு 36 என்று வைத்தால், 40.5 வந்தால்தான் கணக்கில் ஏறும். 39-ல் செத்துச் சுண்ணாம்பானாலும் அது ‘இயல்பைவிட அதிகம்’ மட்டுமே.

இந்த விதி நம் சீமைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். வடக்கே மாதிரி ஒரே வாரத்தில் ஏறி இறங்குகிற வெயில் இல்லை நம்முடையது. பங்குனியில் ஏறினால் ஆவணி வரை இறங்காது. ஊரெல்லாம் ‘சித்திரை வெயில்’ என்று சொல்லும். பாளையில் ஆனி மாத வெயில் சித்திரைக்குச் சளைத்ததல்ல. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமில்லாத காற்றாக இந்தப்பக்கம் இறங்கும். இறங்க இறங்க இன்னும் சூடாகும். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் வாங்குகிற குற்றாலத்துக்காரர்கள் அப்போது ஸ்வெட்டர் போட்டுப் படம் அனுப்புவார்கள். அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது.

தூத்துக்குடி உப்பளத்திலிருந்து:

எல்லோரும் வெயிலைத் திட்டுகிறீர்கள். வெயில் அடிக்காவிட்டால் எங்கள் பாத்தியில் உப்பு விளையாது. பங்குனியில் ஒரு மழை பெய்தால் கட்டிய உப்பும் கரைந்து, வேலையும் போச்சு, கூலியும் போச்சு.

அதற்காகச் சுகம் என்று சொல்லவில்லை. விடியுமுன்னே இறங்கிவிடுவோம். வெயில் ஏறியபின் மேலே சுடுவதைவிட உப்பிலிருந்து திருப்பி அடிக்கிற வெளிச்சம்தான் கண்ணைப் பறிக்கும். எங்களுக்கு அளவு 35-க்கு மேல் அதிகம் போகாது என்றாலும் புழுக்கம் அப்படி. வேர்வை வடிகிறதே தவிரக் காய்வதில்லை. உங்கள் 38-ஐ நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், எங்கள் 35-ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையத்திலிருந்து:

பிசான நெல் அறுத்து ரோட்டில் காயப் போட்டிருந்தோம். காலையிலிருந்தே மண்டையைப் பிளக்கிற வெயில். ரைஸ்மில் நிழலில் மாட்டியிருக்கிற கருவியில் ஒரு மணிக்கு 37. இலை அசையவில்லை. இரண்டு மணிக்கு மலை உச்சியில் வெள்ளையாய் ஒரு மேகம் எழும்பியது. முதலில் யாரும் சட்டை பண்ணவில்லை. அரை மணி நேரத்தில் அதன் அடி கறுத்துவிட்டது. கிழக்கே இருந்து சில்லென்று ஒரு காற்று. அதைத்தான் கடல்காற்று என்று நினைத்து, கொஞ்சம் ஆறுதலாக உட்கார்ந்தோம். அந்தக் காற்றுதான் மலையில் முட்டி மேகத்தை இன்னும் ஏற்றிவிடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அப்புறம்தான் சொன்னார், முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

முதல் துளி விழுந்தபோது ரோட்டில் ஆவி பறந்தது. பொம்பளையாட்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லைக் குவிக்க, நாங்கள் தார்ப்பாயை இழுக்க, காற்று தார்ப்பாயைப் பிடுங்க. பெய்தது இருபது நிமிசம்கூட இராது. ஓரத்தில் கிடந்த நெல் நனைந்துதான் போனது. ரைஸ்மில் கருவியில் அப்போது 26. ஒரே மத்தியானத்தில் பதினொரு டிகிரி! ஆனால் அன்றைய கணக்கில் ‘உச்ச வெப்பம் 37, இயல்பைவிட 2 அதிகம்’ என்றுதான் ஏறும். சாயங்காலம் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது எந்தக் கணக்கிலும் வராது.

களக்காட்டிலிருந்து:

அந்தக் காற்று எங்களுக்கு வேறு மாதிரி வரும். குலை தள்ளிய ஏத்தன் வாழை கழுத்துப் பாரத்தோடு நிற்கும் நேரம் இது. முட்டுக் கொடுத்திருந்தாலும் மழைக்கு முன் வருகிற சூறைக்காற்று தோப்பைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு காற்று என்பது எங்கள் அனுபவம். இயல்பைவிடக் கூடுதல் வெயில் என்று சேதி வந்தால் எங்கள் ஊரில் ஜூஸ் கடையைத் தேட மாட்டார்கள், முட்டுக்கம்பு தேடுவார்கள்.

கூந்தன்குளத்திலிருந்து:

எங்கள் ஊரில் தெருவில் இருக்கிற மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும், யாரும் விரட்ட மாட்டோம். பகல் பன்னிரண்டுக்கு மேல் தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு றெக்கையையும் விரித்து நிற்கும். குஞ்சுகள் அந்த நிழலில் வாயைப் பிளந்தபடி கிடக்கும். சாதாரணமாக மூன்று மணிக்கெல்லாம் றெக்கையை மடக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரம் நாலரை வரை மடக்கவில்லை. குளத்திலும் தண்ணீர் கரையைவிட்டு உள்ளே போய்விட்டது. குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் இந்தத் தடவை சீக்கிரமே கிளம்பிவிட்டன. அதற்கு வெயில்தான் காரணமா, தண்ணீர் வற்றியதா என்று நான் சொல்ல மாட்டேன்.

தென்காசியிலிருந்து:

கடையத்து அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. கோடை மழையை நெல்லோடு மட்டும் பார்க்காதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துப் போனது நினைவிருக்கும். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். கோடையில் “தண்ணியே இல்லையே” என்று தைரியமாக இறங்குவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து ஓடை ஒன்றுக்குப் போயிருந்தோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மேலே மலையில் மட்டும் இருட்டு. தண்ணீரில் காய்ந்த சருகு கொத்தாக வர ஆரம்பித்ததும் என் மாமா “ஏலே, எல்லாரும் மேல ஏறுங்க” என்று கத்தினார். பிள்ளைகளுக்குக் கோபம். கால் மணி நேரத்தில் ஓடை செம்மண் நிறத்தில் இடுப்பளவு வந்தது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. கரைப் பாறையில் வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கு போனதுதான் நட்டம், வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டோம்.