‘சென்ஸ் ஆஃப் பிளேஸ்’: நிலவுணர்வா, திணையுணர்வா, இடவுணர்வா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி, வெசெக்ஸ் என்று தாம் பெயரிட்ட வட்டாரத்தை வைத்து எழுதிய நாவல்களையும் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்தையும் ஒப்பிடும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓர் இடத்தின் தனித்தன்மை எழுத்தில் உணரப்படுவதைக் குறிக்கும் ‘சென்ஸ் ஆஃப் பிளேஸ்’ என்பதற்கு ‘நிலவுணர்வு’ என்று கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசை மாணவி ஒருவர், “நிலாவைப் பார்த்தால் வரும் உணர்வா, ஐயா?” என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை, நிலம் + உணர்வு, நிலவு + உணர்வு இரண்டும் புணர்ந்தால் ஒரே வடிவந்தான். வேறு சொல் வேண்டும்.

மறுமொழி:

ஐயா, முதலில் ‘புலம்’ என்ற சொல்லை எண்ணினேன். வயலும் புலம், திசையும் புலம், பொறிகள் அறிவதும் புலம். இடத்தையும் அறிதலையும் இப்படி ஒருங்கே தாங்கும் சொல் அரிது. ஈழத்தவர் ‘புலம்பெயர்’ என்று இன்றும் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘புலவுணர்வு’ என்றதும் புலால் நாற்றம் வந்துவிடுகிறது, ‘புலனுணர்வு’ என்பதற்கோ வேறு பொருள் நிலைத்துவிட்டது. ஆகவே குறிஞ்சி, முல்லை என நிலத்தை வகுக்கும் திணையைக் கொண்டு ‘திணையுணர்வு’ என்கிறேன். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் பின்னணியாக வைக்கவில்லை, முதற்பொருளாக, அதாவது பாடலின் அடிப்படையாக வைத்தார்.

மறுமொழி:

எல்லோருக்கும் புரியும் ‘மண்வாசனை’ இருக்க, இத்தனை தேடல் ஏன்?

மறுமொழி:

அம்மா, ‘வாசனை’ வடசொல் என்பதற்காக நான் தயங்கவில்லை. கரிசலில் மணம் மட்டுமா இருக்கிறது? கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலமும், வானம் பார்த்த வெள்ளாமையும், அங்குள்ளவர் வாயில் மட்டுமே புழங்கிய சொற்களும் இருக்கின்றன. கதை எழுதியதோடு நில்லாமல் அச்சொற்களைத் தொகுத்து அகராதியாகவும் ஆக்கினார் கி.ரா. திணை உயர்ந்த சொல்தான், ஆனால் அது வகைப்பெயர். மலையும் மலைசார்ந்த இடமும் எங்கிருந்தாலும் குறிஞ்சியே. கி.ரா.வின் ஊரான இடைசெவல் அப்படியன்று, அது ஒன்றே ஒன்றுதான். டார்செஸ்டரைக் காஸ்டர்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றிய ஹார்டியும் அந்த ஒரே ஊரின் தெருக்களைத்தான் எழுதினார். பொதுமையைக் கைவிட்டு ஓர் ஊரைப் பற்றிக்கொள்ளும் இவ்வெழுத்துக்கு ‘இடவுணர்வு’ என்பதே பொருந்தும்.

மறுமொழி:

இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்பதை மறந்துவிட்டீர்களா? மூவர் ஒப்பியதால் ‘இடவுணர்வு’ அச்சேறட்டும். நான் சொன்ன ‘திணையுணர்வில்’ உள்ள முதற்பொருள் என்ற கருத்து அச்சொல்லில் இல்லை என்ற என் மறுப்பு மாறவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.