ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போகிறவர்களுக்கு: போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சொன்னவை

சென்னையிலிருந்து போய் வந்தவள்:

கொலோனுக்கு எத்தனை நாள் போதும் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். இரண்டு முழு நாள் போதும். ஆனால் அதில் ஒன்று ஞாயிறாக இருந்தால் கணக்கு மாறும். அது தெரியாமல்தான் நான் போனேன்.

கூட வந்தது அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 64. ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, விமான நிலையத்திலேயே இருக்கும் ஸ்டேஷனில் ஐசிஇ என்ற அதிவேக ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொலோன். வண்டி 300 கிலோமீட்டர் வேகம் தொட்டபோது அப்பா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், தளும்புகிறதா என்று. சனிக்கிழமை இரவு எட்டரைக்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரே சூப்பர்மார்க்கெட் திறந்திருந்தது. "களைப்பா இருக்கு, தயிரெல்லாம் காலையில வாங்கிக்கலாம்" என்றேன்.

காலையில் ஊரே பூட்டிக் கிடந்தது. ஷில்டர்காஸே, ஹோஹே ஷ்ட்ராஸே இரண்டும் நம் ரங்கநாதன் தெரு மாதிரி, நடக்க மட்டுமேயான கடைத்தெருக்கள். கண்ணாடிக்குள் விளக்கு எரிகிறது, பொம்மைக்குச் சட்டை மாட்டியிருக்கிறது, ஒரு கதவும் திறக்கவில்லை. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். பேக்கரிகள் சில மணி நேரம் திறக்கின்றன, ஹோட்டல்களும் அருங்காட்சியகங்களும் உண்டு. (அருங்காட்சியகங்களில் பலவற்றுக்குத் திங்கள்தான் விடுமுறை. ஆக ஞாயிறு அருங்காட்சியகம், திங்கள் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நேர்மாறாகப் போட்டு வைத்திருந்தோம்.) மளிகைக்கு ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி.

அங்கே போய்த் தயிர் டப்பா ஒன்றை எடுத்தேன். வெள்ளை டப்பா, மேலே மஞ்சளாய் ஒரு பூ. அறையில் அம்மா சாதம் வடித்து, தயிரை விட்டுப் பிசைந்து, கொண்டுபோயிருந்த கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி அப்பாவிடம் நீட்டினாள். அப்பா மெதுவாக மென்றார். "பாயசத்துக்கு யாராவது பெருங்காயம் போடுவாங்களா?" என்றார். அந்தப் பூ வெனிலாப் பூ! டப்பாவில் 'நட்டூர்யோகுர்ட்' என்று எழுதியிருந்தால்தான் நம் தயிர். 3.5 சதவீதம் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

பேராலயம் பற்றி. ரயில் நிலைய வாசலைத் தாண்டித் தலையைத் தூக்கினால் அதுதான், தேடவே வேண்டாம். 1248இல் அடித்தளம் போட்டு, நடுவில் ஏறக்குறைய முந்நூறு வருடம் வேலை நின்று கிடந்து, 1880இல் முடித்தார்கள். உயரம் 157 மீட்டர். முடித்தார்கள் என்றா சொன்னேன்? எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சாரம் கட்டியிருக்கும். வேலை முடிந்தால் உலகம் அழிந்துவிடும் என்று ஊர்க்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டாம்.

பெரிய பெட்டி, மூட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பெட்டிகளோடு போய் நின்று நாங்கள் திரும்பினோம். ஸ்டேஷனில் பெட்டி வைக்க ஓர் இயந்திரம் இருக்கிறது. பெட்டியை வைத்துக் காசு போட்டால் கதவு மூடிக்கொண்டு, பெட்டி தரைக்கு அடியில் எங்கோ போய்விடுகிறது. கையில் ஒரு சீட்டு மட்டும் மிஞ்சும். கதவு மூடிய பிறகு அப்பா, "பிரஷர் மாத்திரையும் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார். திரும்ப எடுத்தால் அவ்வளவுதான், மறுபடி வைக்கப் புதிதாகக் காசு. மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

தெற்குக் கோபுரத்தில் 533 படி, லிஃப்ட் கிடையாது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே சுழல் படியில் ஒட்டி உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அம்மா மணிக்கூடம் வரை ஏறி, 24 டன் மணியைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுவே போதும்டி" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. மேலே போனால் ஊர் தெரியும், ஆனால் ஊரிலேயே பார்க்க வேண்டிய பேராலயம் தெரியாது, அதன் மேல்தானே நிற்கிறோம்! முழங்கால் வலிக்காரர்கள் ஆற்றைத் தாண்டி ட்ரையாங்கிள் கட்டடத்துக்குப் போங்கள். 103 மீட்டர் உயரம், லிஃப்ட்டிலேயே ஏறிவிடலாம். ரைன் ஆறு, பாலம், இரட்டைக் கோபுரம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். சாயங்காலம் போனால் இன்னும் நல்லது.

எரன்ஃபெல்டில் குடியிருப்பவர்:

ஆறு வருஷமா இங்க, கொலோன்ல எரன்ஃபெல்ட் பகுதியில இருக்கேன். ஊர்லேருந்து வர்றவங்களைக் கூட்டிட்டுச் சுத்துறதே பாதி வேலையாப் போச்சு. அக்கா சொன்ன ஞாயிறு விஷயத்தோட டிக்கெட் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க.

இங்க ட்ராம், பாதாள ரயில் எதுலயும் தடுப்புக் கதவு கிடையாது. நேரா நடந்து போய் ஏறிக்கலாம். அதனால யாரும் பார்க்க மாட்டாங்கன்னு தோணும். என் அத்தை பையன் வந்தப்போ ட்ராம் கிளம்புற நேரத்துல ஓடி ஏறினான். ஏறின பிறகு ஃபோன்ல டிக்கெட் போட்டான். அடுத்த ஸ்டாப்லயே சாதாரண ஜாக்கெட் போட்ட ரெண்டு பேர் எழுந்து கார்டைக் காட்டினாங்க. டிக்கெட் வாங்கின நேரம் 10.42, வண்டி எங்க ஸ்டாப்பை விட்டது 10.41. ஃபோன் டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும், அதுதான் விதி. ஒரு நிமிஷத்துக்கு 60 யூரோ அபராதம். அபராதம் போட்டவர் கோபப்படவே இல்ல, "நல்ல பொழுதா அமையட்டும்"னு வேற சொல்லிட்டுப் போனார். அதுதான் அவனுக்கு ரொம்பக் கடுப்பு.

ரெண்டு வாரம் மூணு வாரம் தங்குறவங்க டாய்ச்லாண்ட் டிக்கெட் பாருங்க. 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சது, 2026 ஜனவரியிலேருந்து 63. நாடு முழுக்க ட்ராம், பஸ், சாதாரண ரயில் எல்லாத்துக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி மாதிரி வேக ரயில்ல செல்லாது. முக்கியமா, அது மாதச் சந்தா. 10ஆம் தேதிக்குள்ள ரத்து பண்ணலைன்னா அடுத்த மாசமும் காசு எடுப்பாங்க. ஊருக்குப் போய்ச் சேர்ந்து மூணு மாசம் 'கட்டினவங்க' எனக்கே ரெண்டு பேரைத் தெரியும்.

வேக ரயில்ல மலிவு விலை டிக்கெட்னா அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். போய்ச் சேர 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ தாமதம் ஆகும்னு தெரிஞ்சா வேற வண்டியில ஏறிக்கலாம். ஒரு மணி நேரம் தாமதமானா டிக்கெட் காசுல 25 சதவீதம், ரெண்டு மணி நேரம்னா 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். தாமதம் இங்க தினசரிக் கதை, அதனால விமானம் பிடிக்கப் போறப்போ ஒரு வண்டி முன்னாடியே கிளம்பிடுங்க.

பெர்லின்லேருந்து வர்றவங்களுக்கு இன்னொண்ணு. ஐசிஇ சிலது ஹம் நகரத்துல ரெண்டாப் பிரியும். ஒரு பாதி வூப்பர்டால் வழியா கொலோனுக்கு, இன்னொரு பாதி எஸன் வழியா டுஸ்ஸல்டார்ஃபுக்கு. நான் வந்த புதுசுல காலியான சீட் தேடி முன்னாடி நடந்து போய் உட்கார்ந்து நல்லாத் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா எஸன். என் பெட்டி மட்டும் ஒழுங்கா கொலோனுக்குப் போயிட்டிருந்தது. ரயில் பெட்டி எண்ணைப் பார்த்து ஏறுங்க, நடுவுல இடம் மாறாதீங்க.

டிக்கெட்ல 'கொலோன் மெஸ்ஸே டொய்ட்ஸ்'னு இருந்தா தப்பா போட்டுட்டோம்னு பயப்பட வேண்டாம். ஆத்துக்கு அந்தப் பக்க ஸ்டேஷன் அது. ஹோஹென்ஸோல்லர்ன் பாலத்து மேல நடந்தா கால் மணி நேரத்துல பேராலயம். பாலத்துக் கம்பி முழுக்கக் காதலர்கள் மாட்டின பூட்டு. சாவியை ஆத்துல போட்டுடுவாங்களாம்.

கோயம்புத்தூர், இரும்புச் சாமான் வியாபாரம்:

ஏனுங்க, கண்காட்சியைப் பத்தி யாருமே சொல்லலையே. நாங்க போறது ஊர் பார்க்க இல்லைங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மார்ச்ல நடக்கிற ஹார்டுவேர் கண்காட்சிக்கு. இரட்டைப்படை வருஷத்துல வரும். ஒற்றைப்படை வருஷம் அக்டோபர்ல அனூகா, அது சாப்பாட்டுச் சாமான் கண்காட்சி. ஆகஸ்ட்ல கேம்ஸ்காம், அது வீடியோ கேம் கண்காட்சி, முழுக்கச் சின்னப் பசங்க. இந்த நாளுகள்ல ரூம் வாடகையைக் கேட்டா மயக்கமே வந்துருங்க. முதல் தடவை தெரியாம ஊருக்குள்ள எடுத்தேன். அடுத்த தடவை பக்கத்து ஊரான பான்ல தங்கி ரயில்ல வந்து போனேன், அரை மணி நேரந்தான். நீங்க ஊர் பார்க்கப் போறவங்கன்னா, டிக்கெட் போடறதுக்கு முன்னால அந்த வாரம் கண்காட்சி இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துக்குங்க.

சாப்பாட்டுக் கடையில நடந்ததைச் சொல்றேன். பேராலயத்துக்குப் பக்கத்துல பழைய பீர் விடுதி ஒண்ணு. நீல ஏப்ரன் கட்டின பெரியவர் வந்தாருங்க. அந்த ஊர்ல பரிமாறுறவரைக் கோபெஸ்னு சொல்றாங்க. கிண்டல் பேசறது அவங்க வேலையிலயே சேர்த்தியாம். எனக்கு அது தெரியாது. கூட்டாளி கோல்ஷ் பீர் கேட்டாரு, நான் தண்ணி கேட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டாரட்டுமா?"ன்னாரு, மூஞ்சியில சிரிப்பே இல்லாம. பக்கத்து மேசை சிரிச்ச பிற்பாடுதான் எனக்கு உறைச்சுது.

கோல்ஷ் கிளாஸ் சின்னதுங்க, 200 மில்லிதான். காலியானா கேக்காமலே அடுத்தது வந்துரும், அடியில இருக்கிற வட்ட அட்டையில பென்சில்ல ஒரு கோடு விழும். போதும்னா அந்த அட்டையைத் தூக்கிக் கிளாஸ் மேல மூடி வெக்கணும். என் கூட்டாளி "நோ தேங்க்ஸ்"னு மரியாதையாச் சொல்லிச் சொல்லியே ஏழு கோடு வாங்கிட்டாரு.

சைவக்காரங்களுக்கு: மெனுவுல 'ஹால்வே ஹான்'னு இருக்கும். அரைக் கோழின்னு அர்த்தம். ஆனா கோழியே கிடையாதுங்க! கம்பு ரொட்டிக்குள்ள கெட்டிச் சீஸ், வெங்காயம், கடுகு விழுது, அவ்வளவுதான். தைரியமாச் சாப்பிடுங்க. அதே ஊர்ல 'வானமும் பூமியும்'னு கவிதையாட்டம் ஒரு பேரு, ஆப்பிளும் உருளைக்கிழங்கும்னு சொன்னாங்க. வாங்கிப் பார்த்தா மேல ரத்தத் தொத்திறைச்சி.

எரன்ஃபெல்டில் குடியிருப்பவர்:

கம்பு இல்லைண்ணா, ரைங்கிற தானியம். நம்ம கம்பு வேற. மத்தபடி எல்லாம் சரி.

நாட்காட்டியில கார்னிவலையும் குறிச்சுக்கோங்க. 2027இல பிப்ரவரி 4 வியாழனிலேருந்து 8 திங்கள் வரைக்கும் தெரு முழுக்க வேஷம், பாட்டு. வியாழக்கிழமை பெண்கள் கத்திரிக்கோலோட வருவாங்க. டை கட்டியிருந்தா நறுக்குனு வெட்டிட்டு ஒரு முத்தம் கொடுப்பாங்க, நல்ல டை போட்டுட்டு வராதீங்க. அதைப் பார்க்கவே வர்றதுன்னா வாங்க, அமைதியா ஊர் பார்க்கணும்னா வேண்டவே வேண்டாம். கிறிஸ்துமஸ் சந்தைக்கு வர்றவங்க, பெரிய சந்தைகள்ல பலதும் டிசம்பர் 23ஆம் தேதியோட முடியுது. 25, 26 ரெண்டும் ஞாயிறு மாதிரிதான்.

டொய்ட்ஸில் அறை எடுத்திருந்தவர்:

2025 ஜூன் 4 அன்று நான் அங்கே இருந்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கக் குண்டுகள் மூன்று, ஆற்றங்கரையில் கிடைத்ததாம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். டொய்ட்ஸ் ஸ்டேஷன், பாலங்கள், ஹோட்டல்கள் எல்லாம் மூடல். காலையில் வரவேற்பறையில் இருந்த பெண், காலை உணவு எத்தனை மணி வரை என்று சொல்லும் அதே குரலில், "எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், குண்டு எடுக்கிறார்கள்" என்றாள். பாஸ்போர்ட்டையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க எதிர்க்கரையில் சுற்றினேன். இரவுதான் திரும்ப விட்டார்கள். சின்னதாய் இப்படிக் குண்டு எடுப்பது அங்கே அடிக்கடி நடக்கிறதாம். யாரும் பதறவில்லை. ஓர் அன்றாடப் பை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

ஹம்மிலிருந்து:

நான் ஹம்மில இருக்கிறன், இருபது வருசத்துக்கு மேல. தம்பி எங்கட ஊரில ரயில் பிரியிறதைச் சொன்னவர், கோயிலைச் சொல்லேல்லை. ஹம் ஊன்ட்றொப்பில காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. 2002இல கும்பாபிஷேகம் நடந்தது. இலங்கையிலயிருந்து எங்கட சனம் அகதியா வந்து, கீழ்வீட்டு அறையொண்டில படம் வைச்சுக் கும்பிடத் தொடங்கி, பிறகு கோபுரம் எழுப்பினது. சுத்திவரத் தொழிற்சாலையள், பக்கத்தில பெருந்தெரு. அதுக்கு நடுவில கோபுரம் நிக்கிறதைப் பார்த்தா முதல்தரம் வாறவை கொஞ்சநேரம் பேசாமல் நிப்பினம்.

கொலோனிலயிருந்து ஆர்ஈ 7 எடுத்தால் ஒண்டரை மணித்தியாலம் அளவில ஹம் வந்திடலாம், டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும். பிறகு பஸ். பஸ் அடிக்கடி இல்லை, திரும்பிற நேரத்தையும் முதலே பார்த்து வையுங்கோ. பூசை நேரம் தவிரப் பூட்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொண்டு வாங்கோ. தேர் கோடையில. ஆயிரக்கணக்கில சனம் வரும், தீர்த்தம் இஞ்ச உள்ள கால்வாயிலதான். வயசான அம்மா அப்பாவோட வாறதெண்டால் தேருக்கு முந்தின நாளோ பிந்தின நாளோ வாங்கோ, ஆறுதலாக் கும்பிடலாம்.

சென்னையிலிருந்து போய் வந்தவள்:

ஐயோ, இது தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையை அங்கேயே கழித்திருப்போமே அண்ணா.

ஒன்று விட்டுப்போனது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குகிறார்கள். காலிப் பாட்டிலைச் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசாக்கலாம். நசுக்கிவிடாதீர்கள், நசுங்கினால் இயந்திரம் துப்பிவிடும். அப்பா இதில் ஒரே குஷியாகிவிட்டார். 14 பாட்டில் சேர்த்து, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் திரும்பி எங்களைப் பார்த்தார். 3.50 யூரோவுக்குச் சீட்டு வந்தது. கல்லாவில் கொடுக்க மறந்துவிட்டோம். சீட்டு இன்னும் அவர் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

எரன்ஃபெல்டில் குடியிருப்பவர்:

எந்தக் கடைன்னு பாருங்கக்கா. அந்தக் கடையிலதான் மாத்த முடியும்.

சென்னையிலிருந்து போய் வந்தவள்:

அப்பா தர மாட்டேங்கிறார். அடுத்த தடவை அவரே வந்து மாத்திக்குவாராம்.