அகதா கிறிஸ்டி எழுதிய மேசை எங்கே?

போன ஜூனில் இங்கிலாந்தின் டெவன் பக்கம் போனபோது கிரீன்வேயைப் பார்த்துவிட்டு வந்தேன். அகதா கிறிஸ்டியின் விடுமுறை வீடு. டார்ட்மத்தில் படகு ஏறினால் டார்ட் ஆற்றில் கொஞ்ச நேரம்தான், ஆனால் படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து, என் முழங்கால் அன்று முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. 1938இல் 6,000 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறார். மேலே நின்று ஆற்றைப் பார்த்தால் யாராக இருந்தாலும் கடன் வாங்கியாவது வாங்கத்தான் தோன்றும்.

நான் போனதே அவர் எழுதிய மேசையைப் பார்க்கத்தான். 66 துப்பறியும் நாவல் எழுதியவருக்கு ஒரு மேசை இருக்காதா? அறை அறையாகத் தேடினேன். ஸ்டெயின்வே பியானோ இருக்கிறது, பீங்கான், வெள்ளி, சின்னச் சின்னப் பெட்டிகள் என்று குடும்பமே சேர்த்துக் குவித்திருக்கிறது, மேசையை மட்டும் காணோம். அங்கிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன், சிரித்தார். இங்கே எழுத வரமாட்டாராம், ஓய்வெடுக்கத்தான் வருவாராம், எழுதி முடித்ததை வீட்டாரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவாராம்.

ஊர் திரும்பியதும் அவருடைய சுயசரிதையைப் புரட்டினேன். ஆடாத ஒரு மேசையும் தட்டச்சுப் பொறியும் இருந்தால் போதும் என்கிறார். படுக்கையறையில் முகம் கழுவ வைத்திருக்கும் பளிங்குப் பலகையும் சரி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே சாப்பாட்டு மேசையும் சரி. நான் எழுதுவதற்கென்றே தேக்கில் மேசை செய்து வைத்திருக்கிறேன், அதில் இப்போது இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி கிடக்கிறது.

நூலக அறையை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டை அமெரிக்கக் கடலோரக் காவல் படை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் தங்கள் படை போன இடங்களையெல்லாம் சுவரின் மேல்விளிம்பில் நீலமும் வெள்ளையுமாக வரைந்து வைத்தார். போர் முடிந்ததும் அழித்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அது இருக்கட்டும் என்றிருக்கிறார் அகதா. கூடவே கட்டிவிட்டுப் போன கழிப்பறை வரிசையைத்தான் எடுக்கச் சொன்னாராம்!

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், நீங்களாவது வீட்டைப் பார்த்தீர்கள். நான் அதே டெவனில் உள்ள டார்க்கீயில் அவர் 1890இல் பிறந்த ஆஷ்ஃபீல்டைத் தேடிப் போனேன். அறுபதுகளிலேயே இடித்துவிட்டார்கள், பார்ட்டன் சாலையில் ஒரு நீல வட்ட நினைவுப் பலகைதான் மிச்சம்.

ஆனால் நான் மருந்தாளுநர், எனக்கு டார்க்கீ என்றால் வேறு கணக்கு. முதல் உலகப் போரில் அங்கே நகர மன்றக் கட்டடத்தை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். அகதாவுக்கு அங்கே முதலில் செவிலியர் வேலை, அப்புறம் மருந்து கலக்கும் அறை. விஷம் எல்லாம் அங்கே கற்றதுதான். (1920இல் வந்த முதல் நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மீதியைத் தாண்டிவிடுங்கள்.) ஸ்டிரிக்னைன் உள்ள டானிக்கில் புரோமைடு உப்பு சேர்ந்தால் விஷம் அடியில் படிந்துவிடும், கடைசி வேளை மருந்தில் மொத்தமும் இறங்கும். இதை இவ்வளவு துல்லியமாக எழுதியதற்காக மருந்தாளுநர் பத்திரிகையே பாராட்டியது. எனக்கு இதைக் கல்லூரியில் கூட இத்தனை சுவையாக யாரும் சொல்லித் தரவில்லை.

*

நீங்கள் இருவரும் டெவனுக்குப் போனீர்கள், நான் போனது ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் இருக்கும் வாலிங்ஃபோர்டுக்கு. வின்டர்புரூக் வீடு 1934இலிருந்து அவருடையது, 1976 ஜனவரியில் இறந்ததும் அங்கேதான். இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள், தெருவிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன். பக்கத்துச் சோல்சி தேவாலயத்தில் கல்லறை. அன்று என்னையும் தூறலையும் தவிர யாரும் இல்லை.

வாலிங்ஃபோர்டில் 2023இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நாமும் உட்காரலாம். அக்கா, அங்கேயும் மேசை இல்லை.