வெத்தலை போட்ட லட்சுமி

காரைக்குடி பக்கம் எங்க அப்பத்தா வீட்டுல வளவை, அதான் நடு முற்றத்தைச் சுத்தி வரிசையா சாமி படமா மாட்டியிருக்கும், அதுல ரவிவர்மா லட்சுமி ஒண்ணு. தாமரை மேல நிக்க, பக்கத்துல யானை தும்பிக்கையில மாலையோட இருக்குமே அதேதான். சின்ன வயசுல எனக்கு லட்சுமின்னா அந்த முகம்தான், கோயில்ல இருக்கறது வேற யாரோன்னு நினைச்சுக்குவேன்.

எங்க படத்துல ஒரு விசேஷம், சேலை நிஜத் துணி. அச்சுப் படத்து மேலயே ஜரிகை, ஜிகினா, குட்டி குட்டி மணியெல்லாம் வச்சுத் தச்சிருக்கு, அப்பத்தாவோட மாமியா தச்சதாம். காலேஜ் படிக்கையில ஃப்ரெண்ட் வீட்டுல அதே படம் வெறும் அச்சா மாட்டியிருந்ததப் பாத்தேன், நகையெல்லாம் அடகு வச்சுட்டு நிக்கிற மாதிரி சப்புன்னு இருந்துச்சு. அப்பதான் உறைச்சுது, ரவிவர்மா ரவிவர்மான்னு நான் ரசிச்சதுல பாதி அந்த மாமியாவோட ஊசி வேலை.

அசல் பெயின்டிங்னு முதல்ல பாத்தது திருவனந்தபுரத்துல, ஹம்ச தமயந்தி, 1899ல வரைஞ்சது. காலண்டர்லயும் பிஸ்கட் டப்பாவுலயும் பாத்துப் பாத்து சலிச்ச படமாச்சே, இதுல என்ன இருக்கப்போகுதுன்னுதான் போனேன், அரை மணி நேரம் நகரல. அந்தச் சேலைச் சிவப்பு ஒரே சிவப்பு இல்லங்க, மடிப்புக்குள்ள போகப் போக இருட்டிக்கிட்டே போகுது. அன்னம் ஏதோ சொல்ல தமயந்தி காது குடுத்துக் கேக்கறா, அந்தக் கேக்கற மூஞ்சி அச்சுல எனக்குத் தெரிஞ்சதே இல்ல.

அச்சையும் குறை சொல்ல முடியாது. 1894ல ரவிவர்மா பம்பாய்ல பிரஸ் ஆரம்பிச்சு, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கல்லு வச்சு ஒண்ணு மேல ஒண்ணா அச்சடிச்சிருக்காங்க, கல்லு கொஞ்சம் நகந்தாப் போச்சு. எங்க லட்சுமிக்கு உதட்டுச் சிவப்பு ஒரு நூலளவு வெளிய வழிஞ்சிருக்கும். "வெத்தலை போட்டிருக்கா, நீ பேசாம கும்புடு"ம்பாக அப்பத்தா.

எங்க சித்தப்பா தஞ்சாவூர் படக் கட்சி, தங்க ரேக்கும் கல்லும் இல்லாம அது என்ன சாமி படம்பாரு. டியூப்லைட்ல பாத்தா எனக்கு அந்தப் படமெல்லாம் வெறும் மினுமினுப்புதான், ஆனா ஒரு நாள் கரண்ட் போயி குத்துவிளக்கு மட்டும் எரிஞ்சப்ப அந்த வெண்ணெய்க் கிருஷ்ணனோட தங்கம் மட்டும் மெல்ல அசையற மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு மட்டும் சித்தப்பா பக்கம் சாஞ்சுட்டேன்.

இந்த ஆசையில ஒரு பழைய சாமான் கடையில "நூறு வருஷத்துப் படம்"னு சரஸ்வதி ஒண்ணு வாங்கி ஏமாந்ததும் உண்டு. வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சுப் பாத்தா புள்ளியெல்லாம் கோலத்துக்கு வச்ச மாதிரி வரிசையா நிக்குது, புது ஆஃப்செட் அச்சு. பழைய கல்லச்சுல புள்ளி மணலை இறைச்ச மாதிரி தாறுமாறாத்தான் இருக்கும். வாங்குறவங்க லென்ஸ கையோட கொண்டு போங்க.

போன தையில எங்க லட்சுமிக்குள்ள பூச்சி போயிருச்சுன்னு ஃப்ரேமைக் கழட்டினோம். பின்பக்கம் பூரா நூல் முடிச்சு, ஒரு இடத்துல ஜரிகை பத்தாம வேற கலர் நூலை வச்சு ஒப்பேத்தியிருக்காக, முன்னாடி யானை பக்கமா இருக்கறதால யாரும் கவனிக்கல. உதட்டையும் சேத்து டச் பண்ணித் தரேன்னாரு ஃப்ரேம் போடுறவரு. வேண்டாம்னுட்டு கண்ணாடிய மட்டும் மாத்தி அதே ஆணியில மாட்டியாச்சு.