இளம் தாய்மாரின் வெளிநாட்டுப் பயணத்தைத் தடுப்பது பாதுகாப்பாகுமா? – திருகோணமலை வாசகர் விவாதம்

உவர்மலை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். விவாதத்தைத் தொடங்குபவன் என்ற வகையில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள எந்தத் தாயும் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் செல்ல அரசு அனுமதிக்கக்கூடாது. வெளிநாடு செல்லும் பெண்ணின் குடும்ப நிலையைக் காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல் கட்டாயமாக்கப்பட்டபோது இந்த விதிதான் நடைமுறையில் இருந்தது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமற்போன நேரத்தில் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் மாறியது திறைசேரியின் தேவையே தவிர, மூன்று வயதுப் பிள்ளையின் தேவை அல்ல.

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில் 29 ஆண்டுகள் படிப்பித்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மம்மா வரும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் புதிய சப்பாத்து இருக்கும், ஆனால் வீட்டில் கொப்பியைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. 2005இல் பதினேழு வயதில் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போன மூதூர்ப் பெண் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அந்தச் செய்தி வந்த மறுநாள் வகுப்பறையில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தவன் நான். அதற்குப் பிறகும் தடை வேண்டாம் என்பவர்கள் தங்கள் காரணத்தை இங்கே எழுதட்டும்.

கிண்ணியாச் சகோதரி:

ஆசிரியர் ஐயா, உங்கள் கவலை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அதே பெண்ணின் கதைதான் உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கான வயதெல்லை அப்போதும் இருந்தது. கடவுச்சீட்டில் ஆறு வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். விதி அவளைத் தடுக்கவில்லை. அவள் பொய்யான பத்திரத்தோடு போகவேண்டி வந்தது என்பதே அந்த விதியால் நடந்தது. அவள் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்த வழக்கில் அகப்பட்டபோது, அவள் சிறுமி என்பதைத் தொலைதூர நீதிமன்றத்தில் நிறுவுவதற்கே அவளுக்காகப் பேசியவர்கள் போராடவேண்டியிருந்தது.

நான் 2011இல் குவைத்துக்குப் போனேன். அப்போது என் மகளுக்கு நான்கு வயது. கடற்கோளுக்குப் பிறகு கணவர் கடனுக்கு வாங்கிய வள்ளமும் எஞ்சினும் எங்களைத் தின்றுகொண்டிருந்தன. இங்கே பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆண் வெளிநாடு போவதென்றால் முகவருக்குக் காசு கட்டவேண்டும். வீட்டு வேலைக்குப் பெண் போவதென்றால் உப முகவர் வீடு தேடி வந்து முற்பணம் தருவார். அந்தக் காசை வாங்கிய நாளிலேயே கால் கட்டப்பட்டுவிடுகிறது. இடையில் திரும்பி வந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். கடனுக்குப் போன காசை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மூன்று மாடி வீடு, பதினொரு பேர். விடிய ஐந்து மணிக்கு எழுந்தால் படுக்க நள்ளிரவு ஆகும். கடவுச்சீட்டு வந்த அன்றே அலுமாரிக்குள் போய்விட்டது. ஐந்து மாதச் சம்பளத்தைத் தரவில்லை. போகவேண்டும் என்றபோது, "உனக்காக நான் முகவருக்குக் கட்டிய காசை யார் தருவது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அடி விழவில்லை, பட்டினி போடவில்லை. ஆகவே தூதரகத்தில் முறையிடும் அளவுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கதவைத் திறந்து வெளியேற முடியாது என்பது மட்டும்தான் நடந்தது. என் பிள்ளைக்கு ஆறு வயதாக இருந்திருந்தாலும் அந்தக் கதவு பூட்டியேதான் இருந்திருக்கும்.

தம்பலகாமத்தான்:

அக்கா சொன்ன பூட்டிய கதவுக்கு அரபு நாடுகளில் ஒரு பெயர் உண்டு, கஃபாலா. தொழிலாளியின் விசாவும் வதிவிட அனுமதியும் கபீல் எனப்படும் ஒரே முதலாளியின் பெயரில் தொங்கும். அவர் சம்மதமின்றி வேறு வேலைக்கு மாற முடியாது. அவரை விட்டுப் போனால், ஓடிப்போனவர் என்று அவர் முறையிட்ட மறுநிமிடமே தொழிலாளி சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் ஆகிவிடுவார். சம்பளம் தராதவர் குற்றவாளி ஆகாமல், சம்பளம் கிடைக்காமல் வெளியேறியவர் குற்றவாளி ஆகும் முறை அது.

2014 முதல் 2021 வரை கட்டாரில் கம்பி கட்டும் வேலை செய்தேன். உலகக் கிண்ணத்துக்காக ஊர் முழுவதும் எழும்பிக்கொண்டிருந்த காலம். கோடையில் முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 3 மணிவரை வெளிவேலை இல்லை என்ற விதி அப்போதும் இருந்தது. ஆனால் எட்டு மணிக்கே கம்பியைக் கையுறையின்றித் தொட முடியாது. என் அறையில் இருந்த நேபாளப் பையன் ஒருவன் இரவில் படுத்தவன் காலையில் எழும்பவில்லை. பத்திரத்தில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டால் வேலையால் வந்த மரணம் ஆகாது, நட்டஈடும் இல்லை. ஊரில் அவன் வட்டிக்கு வாங்கிய முகவர் கட்டணம் மட்டும் மனைவியின் பெயருக்கு மாறியது.

மாற்றம் வரவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் 2020இல் முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1000 ரியால், உணவும் இருப்பிடமும் கொடுக்காவிட்டால் அவற்றுக்கு 300, 500 ரியால் என்று ஆனது. வீட்டுப் பணியாளருக்கும் அது பொருந்தும். வெளிவேலைத் தடை காலை 10 மணி முதல் 3.30 வரை என்றும், ஜூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை என்றும் நீண்டது. நடைமுறையில் ஓட்டைகள் பல. இருந்தாலும், அந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் முகாமில் ஒரு மேற்பார்வையாளர் தொழிலாளியிடம் பேசும் குரலே மாறியதை நான் காதால் கேட்டேன். இவன் நாளைக்கு விட்டுப்போகலாம் என்று முதலாளிக்குத் தெரிந்தால்தான் இன்றைக்கு மரியாதை வருகிறது.

உட்துறைமுகவீதி வாசகர்:

எல்லோரும் இருட்டுப் பக்கத்தையே எழுதுவதால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. 2024இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். நம் ஊரில் எழும்பும் கல்வீடுகளில் எத்தனை அந்தப் பணத்தில் எழும்புகின்றன என்பது கட்டடப் பொருட்கள் விற்கும் எனக்குத் தெரியும். உலகத்தில் எங்கேதான் தொழிலாளிக்குச் சுகமான வேலை இருக்கிறது? பங்களாதேஷில் சொந்த நாட்டிலேயே வேலை செய்தவர்கள்மீதே கட்டடம் இடிந்து விழுந்தது. தடையும் வேண்டாம், அளவுக்கு மீறிய பயமுறுத்தலும் வேண்டாம். போகிறவர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வார்.

திருக்கடலூர் வாசகி:

பங்களாதேஷை எடுத்துக்காட்டியதால் அதை முழுமையாகப் பார்ப்போம். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ராணா பிளாசா இடிந்து 1134 பேர் இறந்தனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்பு தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும், வராவிட்டால் சம்பளம் இல்லை என்று உள்ளே அனுப்பப்பட்டனர். ஒரே வெடிப்பை எல்லோரும் கண்டார்கள். வங்கி ஊழியர் வெளியே நின்றார்கள், தையல் தொழிலாளருக்கு மறுக்க முடியவில்லை. இறந்தவர் எவரும் கணக்குப் பார்க்கத் தெரியாதவர் அல்லர். அந்த மாதச் சம்பளத்தை இழக்க முடியாதவர்கள்.

அதன்பின், ஆடை வாங்கும் நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. கட்டடங்கள் பரிசோதிக்கப்பட்டன, அபாயமான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை எழுத்தில் வந்தது. ஆகவே "உலகம் இப்படித்தான்" என்ற முடிவை அந்த இடிபாட்டிலிருந்து எடுக்க முடியாது, ஐயா.

உவர்மலை ஆசிரியர்:

வயதை மாற்றி எழுதிய விடயத்தில் கிண்ணியாச் சகோதரி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. ஆனால் தடைக்கு வலிமையே இல்லை என்ற முடிவை ஏற்கமாட்டேன். 2018இல் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல் குவைத்தில் குளிரூட்டிப் பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டபோது, அந்நாட்டு அரசு குவைத்துக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. சில மாதங்களில் குவைத் உடன்படிக்கைக்கு வந்தது. கடவுச்சீட்டு முதலாளியின் கையில் இருக்கக்கூடாது, பணிப்பெண் தொலைபேசி வைத்திருக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். கேட்ட நேரமெல்லாம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும் நாட்டின் பேச்சை யார் கேட்பார்கள்?

திருக்கடலூர் வாசகி:

நல்ல எடுத்துக்காட்டு, ஐயா. ஆனால் அங்கே நிறுத்தப்பட்டது ஒரு நாட்டுக்கான தொழிலாளர் வரவு. இளம் தாய் என்ற காரணத்துக்காகப் பெண்களில் ஒரு பகுதியை அவர்கள் தடுக்கவில்லை. அவர்களுடைய தடை குவைத் அரசை நோக்கியது. நீங்கள் கேட்கும் தடை நம் பெண்களை நோக்கியது. இந்தோனேசியா 2015இல் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணியாளரை அனுப்புவதையே நிறுத்தியது. ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்தத் தடையின்போதும் பெண்கள் சுற்றுலா விசாவில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பதிவும் காப்புறுதியும் இல்லாமல்.

பிலிப்பைன்ஸின் பேச்சு எடுபட்டதற்கு வேறொரு காரணமும் உண்டென்பது என் எண்ணம். வீட்டுப் பணியாளருக்கான சர்வதேசத் தொழில் உடன்படிக்கை 2011இல் உருவானது. அதை 2012இலேயே பிலிப்பைன்ஸ் ஏற்று உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு சொந்த நாட்டு வீட்டுப் பணியாளருக்கும் தனிச்சட்டம் இயற்றியது. தன் வீட்டில் செய்ததை அடுத்தவர் வீட்டில் கேட்டது. நம் நாட்டில் 2016இல் வந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்தியே வரையப்பட்டது. மலைநாட்டிலிருந்து கொழும்பு வீடுகளுக்கும், ஏன் நம் உவர்மலை வீடுகளுக்கும், சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் வரும் பெண்ணின் வேலை நேரத்தை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? அவள் கையில் ஒப்பந்தம் என்று ஒரு தாள் உண்டா? இதை எழுதும்போது என் தாயார் வீட்டையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்த அம்மாவுக்குச் சேமலாப நிதியும் இருக்கவில்லை, கிழமைக்கு ஒருநாள் விடுமுறையும் இருக்கவில்லை. அன்பாகத்தான் வைத்திருந்தோம். அவர் நோயில் விழுந்தபோது அந்த அன்பில் எடுத்துச் செலவழிக்கக் காசு இருக்கவில்லை.

உட்துறைமுகவீதி வாசகர்:

வீட்டில் உதவிக்கு இருப்பவருக்கும் ஒப்பந்தம் எழுதப்போனால் யாரும் ஆளே வைக்கமாட்டார்கள். அந்த வருமானமும் அவர்களுக்கு இல்லாமற்போகும்.

கிண்ணியாச் சகோதரி:

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டின் முதலாளி தன் நண்பரிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2015இல் அங்கே வீட்டுப் பணியாளர் சட்டம் வந்தது. அதில் வாரத்தில் ஒருநாள் ஓய்வு எழுதப்பட்டது, அடுத்த ஆண்டு மாதச் சம்பளம் குறைந்தது 60 தினார் என்றும் குறிக்கப்பட்டது. அதன்பிறகும் அந்த வீடுகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். யாரும் தேவையில்லை என்று திருப்பி அனுப்பவில்லை.

ஆசிரியர் ஐயா, பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் திரும்பி வந்தபோது என் மகள் என்னை அடையாளம் கண்டாள், ஆனால் கிட்ட வரவில்லை. எட்டு நாட்கள் உம்மம்மாவின் முந்தானைக்குள்ளேயே இருந்தாள். அந்த எட்டு நாட்களுக்கும் எந்தச் சட்டத்தாலும் ஈடு தரமுடியாது. போகாமல் இருந்திருக்க முடியுமானால் இருந்திருப்பேன். ஆனால் தடை அப்போது இருந்திருந்தாலும் எனக்கு அந்த வழியைத் தந்திருக்காது. வள்ளக் கடனைக் கட்டியிருக்காது. கிழமைக்கிழமை நுண்கடன்காரர் வந்து வாசலில் குந்தியிருப்பதை நிறுத்தியிருக்காது. வெளியே போகும் வாசலை அடைக்கும் முன் உள்ளே இருக்க ஒரு வழியைக் காட்டுங்கள்.

உவர்மலை ஆசிரியர்:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய் போகக்கூடாது என்ற இப்போதைய எல்லையை நான் விடமாட்டேன். அதில் என் மனம் மாறவில்லை. ஆனால் ஐந்து வயது வரை பழையபடி தடுக்கவேண்டும் என்று கேட்டதை மீளப்பெறுகிறேன். முற்பணம் கொடுத்துப் பெண்களைக் கட்டிப்போடும் வழக்கத்தைத் தடைசெய்யுமாறு கேட்டு ஒரு மனு எழுதினால், மூதூரிலும் கிண்ணியாவிலும் கையொப்பம் சேர்க்க நான் வருகிறேன்.

தம்பலகாமத்தான்:

மனுவுக்கு என் கையொப்பமும் உண்டு. அதற்கு முன் அவசரமாக ஓர் உதவி தேவைப்படுகிறது. எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஓர் இளம் பெண்ணுக்கு வரும் வெள்ளிக்கிழமை விமானம். ஒப்பந்தம் அரபு மொழியில் மட்டும் இருக்கிறது. இன்று பின்னேரத்துக்குள் கையொப்பமிடும்படி உப முகவர் சொல்கிறாராம்.

கிண்ணியாச் சகோதரி:

கையொப்பமிட வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சம்பளத் தொகையும், ஓய்வு நாளும், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நான் வாசித்துச் சொல்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவளைத் தாயோடு பிரதேச செயலகத்துக்குக் கூட்டிவாருங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் நானும் வந்து கதைக்கிறேன்.